லீவில் வந்தவர்கள்

வெளிநாட்டில் இருந்து வந்தவனிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி "சுகமா?" என்பதல்ல, "எப்ப பயணம்?" என்பதுதான். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எத்தனை நாள் இருப்பான், அதற்குள் எத்தனை தடவை சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம், போகும்போது என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். பதினொரு வருடத்தில் ஐந்து தடவை நான் லீவில் வந்திருக்கிறேன். ஐந்து தடவையும் உண்மையான திகதியைச் சொன்னேன். ஆறாவது தடவை, கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுப் படிக்கட்டின் அடியில், தூறலில் குடையோடு நின்ற அண்ணன் என் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"எப்ப தம்பி பயணம்?"

"ஒன்றரை மாசம் இருக்கு அண்ணே" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். பத்து வயது மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு விமானத்திலேயே சொல்லி வைத்திருந்தேன்.

உண்மையில் பயணம் என்று ஒன்று இல்லவே இல்லை. கட்டாரில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி படுத்துவிட்டது. விசாவை ரத்துச் செய்து, மூன்று ஒருவழி டிக்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரேயடியாக வந்துவிட்டோம். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு வேலையைச் செய்ய எனக்கு ஐந்து வாரம் போதவில்லை.

அந்த வீட்டின் கதையைச் சொல்லாவிட்டால் என் கோழைத்தனம் விளங்காது. வீடு என் பெயரில் இருந்தது. என் சம்பளத்தில் கட்டியது. ஆனால் அத்திவாரம் வெட்டிய நாளில் இருந்து ஓடு போட்ட நாள் வரைக்கும் பக்கத்தில் நின்றவர் அண்ணன். அவர் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். லீவு நாட்களில் பஸ் ஏறி வந்து, கலவையில் மணலைக் கூட்டிப் போட்டுவிடுவார்களோ என்று கொத்தனார் மேசன்பாஸின் பின்னாலேயே திரிந்தாராம். கொங்கிரீட் போட்ட அன்று மழை வந்து, தன் குடையையும் சாக்கையும் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதையெல்லாம் மேசன்பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீடு முடிந்த வருடமே அவருக்கு ஓய்வு வந்தது. தோட்டத்தில் வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது, மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே மகளை நாவலப்பிட்டி டவுனில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கும் மதினிக்கும் போக இடம் இல்லை. இங்கே என் வீடு பூட்டிக் கிடந்தது. "நாங்க வர்ற வரைக்கும் நீங்களும் மதினியும் இருந்து வீட்டப் பாத்துக்குங்க அண்ணே" என்று கட்டாரில் இருந்து எழுதியவன் நான்தான். அப்பா செத்தபிறகு என்னைப் படிக்கவைத்த அண்ணனுக்கு ஒரு கூரை கொடுக்கிறேன் என்று எழுதும்போது பெருமையாக இருந்தது.

நாங்கள் வரும் வரைக்கும். அப்படி எழுதி ஆறு வருடம் ஓடிவிட்டது. வந்தபிறகு என்ன என்று நானும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது நான் "வந்துவிட்டோம்" என்று சொன்னால் "நீங்கள் கிளம்புங்கள்" என்று சொன்னதாகிவிடும். அதனால்தான் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு, நாலாவதில் "லீவில் வருகிறோம்" என்று எழுதினேன். நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்குவம் என்பது கோழையின் வேறு பெயர் என்று என் மனைவி அப்போதே சொன்னாள்.

அந்த ஒன்றரை மாதக் கணக்கும் சும்மா வாயில் வந்ததல்ல. எங்கள் சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. பதினான்கு பெட்டி. பிரிஜ், துணி துவைக்கும் மெஷின், மகளின் கட்டில், தையல் மெஷின், சட்டி பானை எல்லாம். ஆறு வாரம் ஆகும் என்று அங்கே ஏஜென்சியில் சொன்னார்கள். லீவில் வருகிறவன் சொக்லட்டும் சவர்க்காரமும் கொண்டுவருவான், பிரிஜ் கொண்டுவர மாட்டான். அந்தப் பெட்டிகள் எங்கள் இருபத்தெட்டுப் படியையும் ஏறும் நாளுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிஜ்ஜை எதில் மறைப்பது?

வந்த அன்றே சொல்லியிருக்கலாம். மதினி முன்னறையின் பூட்டைத் திறந்ததும் என் வாய் அடைத்துப்போயிற்று. வீட்டிலேயே பெரிய அறை அது. ரோட்டுப் பக்கமாக இரண்டு ஜன்னல். போன தடவை நாங்கள் விட்டுப் போனபடியே இருந்தது. மெத்தையைச் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூட எடுக்கவில்லை. அண்ணனும் மதினியும் இத்தனை வருடமும் அடுப்படியை ஒட்டிய பின்னறையில்தான் படுத்திருந்தார்கள். அங்கே வெயில் எட்டிப் பார்க்காது, மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடிக்கும்.

"ஏன் மதினி, இந்த ரூம்ல படுத்திருக்கலாமே?"

"அது ஒங்க ரூம் தம்பி. வாரத்துக்கு ஒருக்கா தொறந்து கூட்டிட்டு மறுபடி பூட்டிருவேன்."

வீட்டை வளைத்துப் போட்டுக்கொண்ட அண்ணன் என்றால் சண்டை போடலாம். பஞ்சாயத்து வைக்கலாம். சொந்தக்காரர்கள் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். வீட்டின் நல்ல அறையைப் பூட்டி வைத்துவிட்டு ஓதச் சுவரோடு படுத்துக் கிடந்த மனிதனிடம் எந்த வாயால் பேசுவது? எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்து என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டாரே என்று.

சாயந்திரம் பெட்டியைப் பிரித்தோம். லீவில் வருகிறவர்கள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம். அண்ணனுக்கு டோர்ச், சட்டைத் துணி. மதினிக்குச் சேலையும் தைலமும். பக்கத்து வீட்டுக்கு சவர்க்காரம், முன்னால் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவருக்கு, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்குப் பேரீச்சம்பழம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க என் பொய்க்கு நானே சாட்சி வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வேலை போய் வந்தவன் இப்படி வாரி இறைப்பானா?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாள் மதினி என் மனைவியை அடுப்படிக்குள் விடுவார், அப்படியே பேச்சு வரும் என்று பார்த்தேன். நாலாம் நாளும் விடவில்லை.

"லீவுல வந்த புள்ள எதுக்கு அடுப்புல வேகணும்? போய் ஒக்காரு. அங்க போய் நீதானே ஆக்கித் தின்னணும்."

என் மனைவி தன் வீட்டு ஹோலில், தன் கதிரையில், கையைக் கட்டிக்கொண்டு விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளுக்குள் கோபத்தில் ஊதிப்போயிருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அறைக்குள் வந்ததும் வெடித்தாள்.

"எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? அவுங்கள போகச் சொல்லித்தான் சொல்லணுமா? பின்னறையில அவுங்க இருக்கட்டும், முன்னறையில நம்ம இருப்போம். நடுவுல புள்ளக்கி அந்தச் சின்ன ரூம். வீடு தாங்காதா? வந்துட்டோம், நீங்களும் இங்கேயே இருங்கன்னு சேத்துச் சொல்லுங்க. ரெண்டு வார்த்த."

"சொல்றேன்" என்றேன். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஏனோ நெஞ்சு பக்கென்றது. அந்தப் பக் என்ற சத்தத்தை நான் அப்போது நின்று கேட்கவில்லை.

சொல்லப் போனேன். அண்ணன் காலையில் மிளகுக் கொடி பார்க்கப் பின்னால் உள்ள மேட்டுக்குப் போவார். கூடவே போனேன். கொடிகளைக் கையால் தூக்கித் தூக்கிக் காட்டினார். எல்லாம் அவர் வைத்தது. பட்டர்புரூட் மரம் இரண்டு வருடத்தில் காய்க்கும் என்றார்.

"அண்ணே…" என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த முற நீ வரும்போது கீழ இரும்பு கேட்டு ஒன்னு போட்டுறணும் தம்பி. மாடு ஏறுது. நீ அளவு பாத்துச் சொல்லிட்டுப் போ, நான் செய்யச் சொல்லி வைக்கிறேன்."

"சரி அண்ணே" என்றேன். பிறகு இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய் ஒரு கயிற்றை வைத்து அளவெடுத்தோம். வராத ஒரு லீவுக்காக அளவெடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து பிளேன்டீ குடித்தேன்.

வெளியே போனாலும் விடவில்லை. கடைக்கார நானா, பேரீச்சம்பழம் வாங்கிய நன்றியோடு, பாண் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"இந்த முற நல்ல லீவு தந்தீக்கிறாங்க போல. எப்ப தம்பி பயணம்? புள்ளக்கி ஸ்கூல் தொறக்கிற இல்லயா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கு நானா."

"அது சரி. ஒங்கட நானா பாவம், நீங்க வந்தாத்தான் அவர்ட மொகத்துல சிரிப்பு ஈக்கிற."

பாணை வாங்கிக்கொண்டு படியேறினேன். அந்த இருபத்தெட்டுப் படியும் என்னைப் போல முப்பத்தொன்பது வயசுக்காரனுக்கு மூச்சு வாங்குகிற படியில்லை. அன்று நடுவில் இரண்டு தடவை நின்றேன்.

மூன்றாவது வாரம் மதினி மிளகாய் வாங்கிவந்தார். நாங்கள் திரும்பிப் போகும்போது கொண்டுபோகக் கறித்தூள் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் செய்வார். கொத்தமல்லி, சீரகம், மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாகக் காயவைத்து, கறுக்க வறுத்து, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு இடித்து, இரட்டைப் பொலித்தீனில் கட்டித் தருவார். கட்டாரில் எங்கள் பில்டிங்கில் மூன்று வீட்டுக்கு அது போகும். ஆனால் கண்டி மழை காயவிடுமா? கீழே உள்ள சீமெந்துத் தளத்தில் பாயை விரித்து மிளகாயைப் பரப்புவார், பத்து நிமிடத்தில் மேகம் கூடும், மதினி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவார். என் மனைவி பின்னால் ஓடுவாள். நானும் ஓடுவேன். மறுபடி வெயில், மறுபடி பாய். இரண்டு நாளில் காயவேண்டியது எட்டு நாள் இழுத்தது. எங்களுக்குத் தேவையே இல்லாத தூளுக்காக அறுபது வயது மனுஷி எட்டு நாள் மழையோடு மல்லுக்கட்டினார்.

"எத்தன கிலோ விடுவானுங்க தம்பி இந்த முற?" என்று சுளகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"முப்பது."

"அப்ப கருவாடும் மாசியும் கொஞ்சம் வைக்கலாம். புள்ளக்கி மாசி சம்பல்னா உசிரு."

மகள் பக்கத்தில் இருந்து கொத்தமல்லியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, எனக்கு அங்க டீச்சருக்கும் கொஞ்சம் குடுக்கணும்" என்றாள், சர்வ சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பொய்யைச் சொல்லச் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளை அதற்குக் கிளையும் இலையும் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று பிற்பகல் மிளகாய் வறுத்த நெடி வீடு முழுக்க ஏறியது. எல்லோரும் இருமினோம். கண்ணில் வந்த தண்ணீருக்கு நல்ல காரணம் கிடைத்ததே என்று நான் கொஞ்சம் அதிகமாகவே துடைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடப் பிரச்சினை. புடைவை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு என் மனைவி கண்டி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கிவந்தாள். படிவத்தைப் புடைவைக் கடைப் பையில் மடித்துக் கொண்டுவந்தாள். மதினி பையைப் பார்த்துவிட்டு "என்னா வாங்குன, காட்டு புள்ள" என்று கேட்க, "நிறம் புடிக்கலக்கா" என்று சொல்லி நழுவினாள். படிவத்தோடு கிராம சேவகரின் கடிதம் வேண்டும், இந்த விலாசத்தில் நிரந்தரமாக இருக்கிறோம் என்று. கிராம சேவகரோ தினமும் பின்னேரம் எங்கள் படிக்கட்டின் அடியில் அண்ணனோடு நின்று பேசிவிட்டுப் போகிறவர். அவரிடம் கடிதம் கேட்டால் பத்து நிமிடத்தில் அண்ணனுக்குத் தெரியும்.

"வேற ஆள் வாயால தெரியிறதுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க" என்றாள் மனைவி. "படிவம் குடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு. புள்ளட ஒரு வருசம் போயிரும்."

"நாளைக்குச் சொல்றேன்."

"ஒங்க நாளைக்கு எனக்குத் தெரியும்."

அந்த நாளைக்கு வந்தபோது அண்ணனே முந்திக்கொண்டார். அந்தக் காலத்தில் திரும்பிப் போகும் டிக்கட்டை முன்கூட்டியே எயார்லைன் ஒபிசில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். போன தடவை நான் மறந்துபோய்க் கடைசி நேரத்தில் ஓடினேன். அதை அவர் மறக்கவில்லை.

"தம்பி, டிக்கட்ட கன்போர்ம் பண்ணிட்டியா? இன்னைக்கே கண்டிக்குப் போயி பண்ணிட்டு வந்துரு. நானும் வரவா?"

"வேணாம் அண்ணே, நானே போறேன்."

பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். வாவிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் பாவித்து முடிந்த ஒருவழி டிக்கட்டின் அடிக்கட்டை இருந்தது. ஒரு கடலைக்காரன் மூன்று தடவை என்னைக் கடந்து போனான், மூன்றாவது தடவை பாவம் பார்த்து நின்றான். கடலை வாங்கினேன். சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, கம்பெனி மூடிட்டாங்க. நாங்க ஒரேயடியா வந்துட்டோம்." சொல்வதற்குக் கஷ்டமே இல்லாத வார்த்தைகள். பத்து தடவை சொன்னேன், பத்து தடவையும் சரியாக வந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் படிக்கட்டின் அடியிலேயே காத்திருந்தார்.

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் அண்ணே."

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்து நிறுவையில் ஒரு இறாத்தல் பிசகாமல் இருந்தவரிடம் நின்று கூசாமல் சொல்கிறேன். அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், தபால்காரர் வந்தார். நான் ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கீழே போய்த் தபாலை வாங்கிக்கொண்டு வந்தார். ஏறும்போதே வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். தோட்ட ஒபிஸ் கடிதங்களை வாசித்து வாசித்து ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"தம்பி, கொழும்புல இருந்து ஒரு கார்ட் வந்திருக்கு. கப்பல்ல சாமான் வந்திருக்காம், பதினாலு பெட்டின்னு போட்டிருக்கான்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வேற யாருக்கோ வந்தது மாறி ஒம் பேருக்கு வந்திருச்சோ, பாரு."

ஆறு வாரம் என்றவர்கள் ஐந்து வாரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போதும்கூட அண்ணன் எனக்குத் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். ஆமாம், மாறித்தான் வந்திருக்கிறது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததை மறைக்க விரும்பவில்லை.

"இல்ல அண்ணே. நம்ம சாமான்தான். கம்பெனி மூடிட்டாங்க. நாங்க ஒரேயடியா வந்துட்டோம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியில் துடைத்தார்.

"எப்ப மூடுனாங்க?"

"வர்றதுக்கு முந்தியே."

"அப்ப டிக்கட்டு?"

"ஒருவழி டிக்கட்டு அண்ணே."

"முந்தாநாத்து கண்டிக்குப் போனியே?"

"சும்மா போனேன்."

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "ஏன்டா, எங்கிட்டயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பேச்சுக் கேட்டு மதினி அடுப்படியில் இருந்து வந்தார். கையில் நூல். தூள் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். விஷயத்தை அண்ணன் சொன்னதும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத கட்ட வேணாமா?"

என் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன்தான் முதலில் தன்னைச் சுதாரித்துக்கொண்டார்.

"சரி, நல்லதுதானே. சொந்த ஊர்ல இருக்கிறத விட என்னா இருக்கு? புள்ளயும் இங்கேயே படிக்கட்டும். வேல ஒன்னு பாத்துக்கலாம்." தொண்டையைச் செருமினார். "நாங்க நாவலப்பிட்டிக்குப் போயிருவோம். மகளும் ரொம்ப நாளா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

மகள் கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு இடம் இல்லை. அந்த இரண்டு அறைக்குள் ஏற்கெனவே ஐந்து பேர். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும். என் மனைவி வாசலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்க அண்ணே. இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஐந்து வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் அந்த நிமிடம் இறங்கியது. மூச்சு நன்றாக வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணனின் மனம் நோகக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. "வீடு பெருசாத்தானே இருக்கு, எல்லாருமா இருந்துக்குவோம்" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயமாக இருந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் நான் சொன்னேன்:

"கொழும்புல இருந்து சாமான் கொண்டுவர்ற லொறி சும்மாதான் திரும்பும் அண்ணே. நாவலப்பிட்டிக்கு விடச் சொல்லி அதுலயே பேசிரலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, அதுவும் நல்லதுதான்" என்றார்.

நாலாம் நாள் கொழும்பில் சாமான்களை எடுத்துக்கொண்டு லொறியில் வந்து இறங்கியபோது பின்னேரம் மூன்று மணி. படிக்கட்டின் அடியில் அவர்களுடைய சாமான்கள் வரிசையாக இருந்தன. ஒரு மர அலுமாரி, இரண்டு சாக்கு, ஒரு டிரங்குப் பெட்டி, மதினியின் அம்மி. ஆறு வருடம் ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு இவ்வளவுதானா என்று பார்த்தேன். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் எங்கள் பெட்டிகளை இறக்க வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பிரிஜ்ஜின் ஒரு பக்கத்தை அவர்தான் பிடித்தார். "மெதுவா, மெதுவா, சுவர்ல படப்போகுது" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பார்த்துப் பார்த்துப் பூசவைத்த சுவர் அது.

கீழே என் மனைவி மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருங்கக்கா. போவாதீங்க. நான் சொல்றேன்ல."

"தம்பிதான் லொறி பேசிட்டாரே புள்ள" என்றார் மதினி. குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மதினி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். முன்னால் இன்னொருவருக்கு இடம் இல்லை என்று அண்ணன் பின்னால் ஏறி, அலுமாரி சாயாமல் முதுகைக் கொடுத்து நின்றார். மகள் கை காட்டினாள். அவரும் காட்டினார். மழை பிடித்துக்கொண்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. லொறியில் தார்ப்பாய் இருந்தது. அதை அவர் இழுத்து அலுமாரியின் மேல் போட்டார். அவருக்குப் போதவில்லை. ஓடிப் போய்க் குடையை எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். லொறி ஸ்டார்ட் ஆனபோது அவர் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"நனையாத தம்பி. உள்ள போ."

நான் உள்ளே போனேன்.